ஆட்சேபணை உள்ளவர் வரலாம்

கண்ணாடிக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பாஸ் குனிந்து தலையை உள்ளே நீட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டதுதான் தாமதம், உள்ளே இருட்டில் ஒரு நாற்காலி தடாலென்று பின்னுக்குப் போனது.

"வந்துட்டியா? நம்மப்பா போயிட்டாரு!"

அழுகையும் சந்தோஷமும் ஒன்றாகக் கலந்த பெண் குரல். ஒரு அடி பின்வாங்கியதில் பாஸின் காலை மிதித்து, அதற்கும் ஒரு முறைப்பு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு கை மேசைமேல் தடவித் தடவி எதையோ தேடியது. பிறகு விளக்கு எரிந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், அப்போதுதான் மாட்டிய தடித்த கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் தொங்கிப்போயிற்று.

"மன்னிச்சுக்குங்க. வேற யாரோன்னு நினைச்சிட்டேன். கடை மூடியாச்சுங்க. எங்கப்பா இறந்துட்டாரு."

"தெரியும்மா. கோர்ட்டு வக்கீல் அனுப்பினாரு. உள்ளே இருக்கிற சாமானைப் பார்த்துட்டுப் போயிடறோம்" என்றார் பாஸ்.

"பாருங்க" என்று அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் யாரென்றுகூடக் கேட்கவில்லை. அவள் எதிர்பார்த்த ஆள் நாங்கள் இல்லை. அதற்குமேல் நாங்கள் யாராக இருந்தால் அவளுக்கென்ன?

அவள் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன். என் பாஸ் ஐம்பது வயதுப் பெண்மணி. முன்னொரு காலத்தில் கோர்ட்டு ஆவண அறையில் வேலை பார்த்தவர். ஊரார் சொத்துச் சண்டையையெல்லாம் படித்துப் படித்து மனிதர்கள்மேல் சந்தேகம் வந்து, அந்தச் சந்தேகத்தையே தொழிலாக வைத்துக்கொண்டவர். அலுவலகத்துக்கு மேல்மாடியில் தனியாக இருக்கிறார். எனக்கு அவர் வைத்த பெயர் வால். பின்னாலேயே வருவதாலும் சும்மா இருக்காததாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கும் போக்கிடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டால்கூட நான் அலுவலகத்துக்கு வந்துவிடுவேன். எதற்கு வந்தாய் என்று பாஸும் கேட்டதில்லை.

இந்த வழக்கை எங்கள் தலையில் கட்டியவர் தும்மல் வக்கீல். இறந்தவர்களின் சொத்தைச் சரிபார்த்துச் சொல்ல கோர்ட்டு நியமித்தவர். பழைய காகிதக் கட்டுகளின் தூசியிலேயே காலம் தள்ளியதால் மனிதருக்கு நாலு வார்த்தைக்கு ஒரு தும்மல்.

"செத்தவன் சொத்து கைக்கு வர்றதுக்கு நாலு கதவு இருக்கும்மா" என்று அவர் காலையில் பாஸிடம் ஆரம்பித்தார். "உயில் இருந்தா, இது அவர் எழுதின உயில்தான்னு நிரூபிக்கிற கதவு. உயில் இல்லேன்னா, வாரிசு யாருன்னு ஊருக்கெல்லாம் அறிவிச்சு, ஆட்சேபணை இருந்தா வாங்கன்னு கூப்பிட்டு, யாரும் வரலேன்னா வாரிசு கையில ஒப்படைக்கிற கதவு. மூணாவது சண்டைக் கதவு. கறுப்பு முடியோட உள்ளே போனா வெள்ளை முடியோடதான் வெளியே... ஹச்!"

"நாலாவது?" என்றேன்.

"சொத்து சின்னதா இருந்தா, ஒரு பக்கத்துல உறுதிமொழி, கீழே ஒரு கையெழுத்து. ஒரு வாரத்துல முடிஞ்சிடும். புழக்கடைக் கதவு மாதிரி. விளம்பரம் கிடையாது, விசாரணை கிடையாது." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் கண்ணாடிக்கடைக்காரர் உயிரோட இருக்கும்போதே வீட்டை மகள் பேருக்கு எழுதிட்டாரு. மிச்சம் இருக்கிறது கடைச் சரக்கும் பேங்க்ல கொஞ்சம் பணமும். உயில் இல்லை. தாராளமா புழக்கடைக் கதவுல போகலாம். நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அந்தப் பொண்ணு கேக்கலை. ரெண்டாவது கதவுதான் வேணுமாம். பேப்பர்ல விளம்பரம் வேணுமாம், வாசல்ல அறிவிப்பு ஒட்டணுமாம், விசாரணை வேணுமாம். மனுவுல 'நான் ஒரே வாரிசு'ன்னு போட்டிருக்கா. கோர்ட்டை விட்டு ஓடுற வாரிசைப் பார்த்திருக்கேன். கோர்ட்டைத் தேடி வர்ற வாரிசை இப்பதான் பார்க்கறேன். இதுல ஏதோ இருக்கு."

"என்ன இருக்கும்னு நினைக்கறீங்க?" பாஸ் கேட்டார்.

"பொய் இருக்கும். ஒரே வாரிசுங்கறது பொய்னா மனு தள்ளுபடி. அதோட விடமாட்டேன், பொய்ச் சத்தியம் பண்ணினதுக்குத் தனியா கேஸ். நாளைக்கு விசாரணை. அதுக்குள்ள பார்த்துச் சொல்லுங்க. ஹச்!"

அப்படித்தான் நாங்கள் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தோம்.

கடைக்குப் பின்னால் பட்டறை அறை. வக்கீல் பூட்டி வைத்திருந்த அதன் சாவி பாஸிடம் இருந்தது.

"நீங்களும் வாங்கம்மா" என்றார் பாஸ்.

மகள் மறுப்பாகத் தலையாட்டினாள். "அது அப்பாவோட அறைங்க. யாரையும் விடமாட்டாரு. நான் முன்னாடி பில் போடறதோட சரி."

"சாப்பிட்டீங்களா?"

அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நாளாகியிருக்க வேண்டும். அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியலைங்க. ரெண்டு பேருக்கு வெச்சிடறேன், அப்புறம் கொட்டறேன்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தாள். "புதுசா கண்ணாடி வாங்கிட்டு, தலை சுத்துதுன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் அப்பா ஒண்ணு சொல்வாரு. 'கழட்டாதீங்க, ரெண்டு நாள் போடுங்க, பழகிடும்'னு. கண்ணாடிக்கு அது சரி. இது பழகமாட்டேங்குது."

பாஸ் அவள் தோளை ஒரு முறை தொட்டுவிட்டு உள்ளே போனார். அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

பட்டறை அறையில் கண்ணாடி தேய்க்கும் சக்கரம், தட்டுத் தட்டாக லென்ஸ்கள், குட்டித் திருப்புளிகள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அடியில் ஒரு இழுப்பறை மட்டும் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. நான் என் முழு பலத்தையும் காட்டியதும் இழுப்பறை வந்தது, அதோடு நானும் மல்லாந்தேன்.

"பலசாலிதான்" என்றார் பாஸ், என்னைப் பார்க்காமலே. அவர் கண் இழுப்பறைக்குள் இருந்தது.

உள்ளே துணி விரித்து, இரண்டு வரிசையாக மூக்குக்கண்ணாடிகள். சின்னதிலிருந்து பெரிதுவரை, பள்ளிக்கூடத்தில் உயரப்படி நிற்க வைத்த பிள்ளைகளைப்போல அடுக்கியிருந்தன.

"அடடா! மகளோட கண்ணாடியை எல்லாம் குழந்தையிலேர்ந்து சேர்த்து வெச்சிருக்காரு. பாசக்கார மனுஷன்."

"ஒரு குழந்தைக்கு எதுக்கு ரெண்டு வரிசை?"

"ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு. ஸ்டெப்னி, பாஸ்."

பாஸ் மேசையில் கிடந்த பழைய செய்தித்தாளை விரித்தார். மேல் வரிசையிலிருந்து ஒரு குட்டிக் கண்ணாடியை எடுத்து எழுத்தின்மேல் பிடித்தார். எழுத்து எறும்பாகச் சிறுத்தது. கீழ் வரிசையிலிருந்து ஒன்றைப் பிடித்தார். அதே எழுத்து எருமையாகப் பெருத்தது.

"மேல் வரிசை தூரத்துல இருக்கிறது தெரியாத குழந்தைக்கு. கீழ் வரிசை கிட்டத்துல இருக்கிறது தெரியாத குழந்தைக்கு. ஒரே மூஞ்சியில ரெண்டும் இருக்குமா?"

"இருக்கலாம். வலது கண்ணு ஒரு கட்சி, இடது கண்ணு ஒரு கட்சி."

"ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரிதான் இருக்கு, பார்த்தாச்சு." அவர் நிமிர்ந்தார். "ரெண்டு குழந்தை, வால். முன்னாடி உட்கார்ந்திருக்கிறவ மேல் வரிசை. அதான் இருட்டுல நிழலாட்டம் நின்ன என்னை அடையாளம் தெரியலை."

"அப்ப ஒரே வாரிசுங்கறது..."

"பொறு." அவர் கீழ் வரிசையை ஒவ்வொன்றாக எடுத்து மடக்கி விரித்தார். சின்னவை எல்லாம் போட்டுத் தேய்ந்தவை. காதில் மாட்டும் காம்பில் பல்லால் கடித்த தடம், மூக்கு பதியும் இடத்தில் மஞ்சள் கறை. இளம்பெண் போடுகிற அளவு வந்ததும் அந்தத் தேய்மானம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் உள்ளவை காம்பு விறைப்பாக, திருகாணியில் கீறலில்லாமல், கடையில் வைத்த மாதிரியே இருந்தன. ஆனால் வரிசை நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. லென்ஸ் ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே வந்தது. கடைசிக் கண்ணாடியில் நடுவே ஒரு மெல்லிய கோடு. நாற்பதைத் தாண்டியவர்கள் படிப்பதற்கென்று கீழே தனியாக வைக்கும் பகுதியின் விளிம்பு.

எனக்கு நையாண்டி வரவில்லை.

"மூத்தவ வயசுப் பொண்ணா வீட்டை விட்டுப் போயிருக்கா" என்றார் பாஸ் மெதுவாக. "திரும்ப வரலை. இந்த மனுஷன், இப்ப அவளுக்கு என்ன வயசு, கண்ணு எவ்வளவு கெட்டிருக்கும்னு இங்க தனியா உட்கார்ந்து கணக்குப் போட்டு, வருஷா வருஷம் ஒண்ணு பண்ணி வெச்சிருக்காரு. யாரும் வந்து வாங்காத கண்ணாடி."

"கூப்பிட்டிருக்கலாமே, பாஸ்!"

"வாய் வந்திருக்காது. கைதான் வந்திருக்கு."

அந்தக் கடைசிக் கண்ணாடியை மட்டும் துணியில் சுற்றி அவர் கைப்பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் வெளியே வந்தபோது மகள் அதே நாற்காலியில், அதே ஷட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களாம்மா?"

"இல்லை. நான் ஒரே பொண்ணு. மனுவுலயும் அப்படித்தான் போட்டிருக்கேன்." மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல மூச்சு விடாமல் சொன்னாள். அப்புறம் ஒன்று கேட்டாள். "பேப்பர்ல போட்ட விளம்பரம் வெளியூர்க்காரங்க கண்ணுலயும் படுமா?"

"படும்" என்றார் பாஸ்.

தெருவுக்கு வந்ததும் நான் பொங்கிவிட்டேன். "பார்த்தீங்களா? எவ்வளவு நெஞ்சழுத்தம்! மூத்தவ பங்கையும் சேர்த்து முழுங்கப் பார்க்கறா. வெளியூர்க்காரங்க கண்ணுல பட்டுடுமோன்னு பயம் வேற. பூனையும் பால் குடிக்குமான்னு இருந்துகிட்டு..."

"அங்க பார்" என்றார் பாஸ்.

கடை வாசலில் கோர்ட்டு அறிவிப்பு ஒட்டியிருந்தது. இன்னார் காலமானார், அவருடைய ஒரே வாரிசு இன்னார், ஆட்சேபணை உள்ளவர் வரலாம், என்று தேதி போட்ட அறிவிப்பு. சட்டப்படி ஒட்ட வேண்டியது, ஒட்டியிருக்கிறது. அதிலென்ன?

"அங்கயும் பார்."

பஸ் நிறுத்தத்தில் அதே அறிவிப்பின் நகல். மருந்துக்கடைச் சுவரில் ஒன்று. எதிர்த் தூணில் ஒன்று. மழையில் கிழிந்த இடத்தில் புதிதாக மேலே இன்னொன்று. புதுப்படத்துக்குக்கூட அந்தத் தெருவில் அத்தனை போஸ்டர் ஒட்டியிருக்க மாட்டார்கள்.

"சட்டம் வாசல்ல ஒண்ணு ஒட்டச் சொல்லுது, பேப்பர்ல ஒரு தடவை போடச் சொல்லுது. இவ தெருவெல்லாம் ஒட்டியிருக்கா. வக்கீலோட காகிதக் கட்டுல பார்த்தேன், எல்லாப் பேப்பர்லயும் போட்டிருக்கா. திருடன் தன் வீட்டுச் சுவத்துல தானே போஸ்டர் ஒட்டுவானா, வால்?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாலே நான்தான் என்றாலும்.

"அவ முதல்ல சொன்ன வார்த்தையை யோசி" என்றார் பாஸ். டீ வாங்கிக் கொடுத்தும் அதற்குமேல் விளக்கம் வரவில்லை. அன்று ராத்திரி மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது யோசித்துப் பார்த்தேன். வந்துட்டியா, நம்மப்பா போயிட்டாரு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்பா போய்விட்டார். அதுதான் ஊருக்கே தெரியுமே.

மறுநாள் கோர்ட்டு வராந்தாவில் கூட்டம். தும்மல் வக்கீல் பாஸை மடக்கிக்கொண்டார்.

"என்னம்மா, ஒரே வாரிசா இல்லையா? ஒரு வார்த்தை. உள்ளே கூப்பிடப் போறாங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க சார்."

"நேரம் என் கையில இல்லை... ஹச்!"

மகள் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, படியேறி வரும் ஒவ்வொரு பெண்ணையும் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. யாரோ உட்கார வந்தபோது, "ஆள் வருது" என்றாள்.

வழக்குகளின் வரிசை எழுதிய பலகை சுவரில் இருந்தது. எனக்கு வேறு வேலை இல்லாததால் அதைப் படிக்க வருகிறவர்களை வேடிக்கை பார்த்தேன். எழுத்துப் பொடியாக இருந்ததால் எல்லோரும் வந்ததும் ஒரு அடி முன்னே போனார்கள். ஒரு பெண் மட்டும் ஒரு அடி பின்னே போனாள். அதுவும் போதாமல் இன்னொரு அடி. பின்னால் நின்றவர் காலை மிதித்து மன்னிப்புக் கேட்டாள்.

என் மண்டையில் மணி அடித்தது. கீழ் வரிசை!

நாற்பத்தைந்து வயதிருக்கும். புடவையில் அங்கங்கே நூல் துணுக்குகள், நடுவிரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த தடம். தையல்காரி. மூக்கில் நடைபாதைக் கடையில் வாங்கிய கண்ணாடி, அதன் காம்பு உடைந்து கறுப்பு நூலால் கட்டியிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் மகள் நூல் கட்டிய கண்ணாடியோடு நிற்கிறாள்! சின்னவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கும் இவளுக்கும் நடுவில் ஒரு தூண்.

நான் பக்கத்தில் போவதற்குள் அவள் கோர்ட்டு சேவகரிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஐயா, இந்தக் கண்ணாடிக்கடை விஷயத்துல எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்கணும். யார்கிட்ட குடுக்கறது? யாரையும் பார்க்காம குடுத்துட்டுப் போக முடியுமா?"

"ஆட்சேபணை இல்லேன்னா எதுக்கும்மா வந்தே?" என்றார் சேவகர். "இல்லாதவங்க வர வேண்டியதே இல்லையே."

"பின்னால ஒரு நாள், மூத்தவ ஒருத்தி இருந்தாளேன்னு யாராவது கிளப்பி விட்டா அந்தப் பிள்ளைக்குத் தொந்தரவு. அதான், நான் இருக்கும்போதே எழுதிக் குடுத்துட்டா நல்லது."

"இல்லைங்கறதையும் உள்ளே வந்து நீதிபதி முன்னாலதான் சொல்லணும்."

நான் ஓடிப்போய்ப் பாஸிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். "நல்லதாப் போச்சு பாஸ்! மூத்தவ ஒண்ணும் வேணாங்கறா. சின்னவ தப்பிச்சா!"

"முட்டாள்" என்றார் பாஸ். "தப்பிக்கறதுக்கா அவ இத்தனை பாடுபட்டா? உங்கப்பாவைப் பத்தி என்கிட்ட சொல்லு."

"இப்பவா? எங்கப்பா..."

"நிறுத்து. எங்கப்பா. அந்நியர்கிட்ட எல்லாருமே எங்கப்பாம்பாங்க. உலகத்துல நம்மப்பான்னு யார்கிட்ட சொல்ல முடியும்?"

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அந்த வார்த்தையை நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால்தான் ராத்திரி முழுக்க யோசித்தும் அது எனக்குப் பிடிபடவில்லை.

"இருட்டுல ஒரு பொம்பளைக் குரல் கேட்டதும் அவ வாயில வந்தது நம்மப்பா" என்றார் பாஸ். "என் மூஞ்சியைப் பார்த்ததும் எங்கப்பான்னு மாத்திக்கிட்டா. அக்காவை ஒளிக்கிறவ அந்த வார்த்தையை வாயில வெச்சுக்கிட்டா உட்கார்ந்திருப்பா? புழக்கடைக் கதவுல போயிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. இவளுக்கு ஊருக்கே தெரியணும். பொய் சொன்னா அதைப் பொய்னு சொல்லவாவது அக்கா வருவாளேன்னுதான் அந்த மனு."

அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதிபதி மனுவைப் புரட்டினார். சேவகர் வாசலில் நின்று மூன்று தரம் கூவினார். "கண்ணாடிக்கடைக்காரர் சொத்து விஷயமா ஆட்சேபணை உள்ளவங்க யாராவது உண்டா?" மூன்றாவது தரம் முடியும்போது நூல் கட்டிய கண்ணாடி உள்ளே வந்தது.

சின்னவள் எழுந்தாள். கண்ணாடி போட்டும் அவளுக்குத் தூரம் கொஞ்சம் மங்கல்தான். இருந்தாலும் இந்த முறை ஆள் தப்பவில்லை.

"நீங்க யாரும்மா?" நீதிபதி கேட்டார்.

"இறந்தவருக்கு நான் மூத்த மகள்ங்க. அவரு என்னைத் தலைமுழுகிட்டாரு. இனிமே எனக்கு ஒரே பொண்ணுதான்னு ஊர் கூட்டிச் சொன்னாரு. அதனால அந்தப் பிள்ளை போட்டது பொய் இல்லைங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்." சின்னவள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அப்ப ஆட்சேபணை இல்லை?"

"இல்லைங்க."

நீதிபதி பேனாவை எடுத்தார். அந்தப் பேனா காகிதத்தைத் தொட்டால் எல்லாம் முடிந்தது. பெரியவள் படியிறங்கிப் போய்விடுவாள். அவளைக் கூப்பிட இனிமேல் எந்தக் கோர்ட்டும் விளம்பரம் போடாது.

"எனக்கு இருக்கு!"

சின்னவள்தான். குரல் கீச்சிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"மனு போட்டதே நீங்கதானே?" நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க மனுவுக்கு நீங்களே ஆட்சேபணையா?"

"ஆமாங்கய்யா. ஒரே வாரிசுன்னு போட்டது பொய். தெரிஞ்சேதான் போட்டேன். அம்மா இல்லாத எனக்கு இவதான் தலைவாரி விட்டா, சோறு ஊட்டினா. எனக்குப் பத்து வயசுல சரக்கு வேன் ஓட்டினவரைக் கட்டிக்கிட்டுப் போனா. இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொல்லிட்டுப் போனவ, மிதிக்கவே இல்லை. எத்தனை பேர்கிட்ட சொல்லி அனுப்பினேன்! அப்பா படுத்துட்டாருன்னு சொன்னேன், வரலை. போயிட்டாருன்னு சொன்னேன், வரலை. பாசத்துக்கு வராதவ, சொத்துல துரோகம் பண்றேன்னு தெரிஞ்சா சண்டை போடவாவது வருவாள்னு நினைச்சேன். வந்து நாலு அறை விடுவாள்னு நினைச்சேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இப்படி வந்து ஒண்ணும் வேணாம்னு சொல்லுவாள்னு நினைக்கலைங்கய்யா. இதுக்கு அவ வராமலே இருந்திருக்கலாம்."

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தும்மல் வக்கீல் எழுந்தார். பொய்ச் சத்தியம், தனி கேஸ் என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்தேன். மனிதர் வாயைத் திறந்தார்.

"ஐயா... மனுவுல ஒரு... ஹச்! ஒரு பிழை நேர்ந்திருக்கு. திருத்திக்க அனுமதி கேட்டுக்கறேன்."

"பிழையா?" என்றார் நீதிபதி.

"பிழைதாங்க ஐயா. பேரு விட்டுப் போச்சு."

நீதிபதி சின்னவளைத் திட்டித் தீர்த்தார். கோர்ட்டு என்ன அக்காவைக் கூப்பிடும் ஒலிபெருக்கியா என்று கேட்டார். பிறகு மனுவைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு பெயரையும் போட்டு எடுத்துவரச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

வராந்தாவில் அதே பெஞ்சு. இருவரும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷம் கழித்து வாய் எங்கிருந்து வரும்? பெரியவள் முந்தானை நூலைப் பிய்த்தாள். சின்னவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி துடைத்தாள்.

"அவரு கடைசியில ஏதாவது..." பெரியவள் தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"உன் பேரை எடுக்கவே இல்லைக்கா." சின்னவளுக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தது ஒரே ஒரு மனுவில்தான் போலிருக்கிறது.

பெரியவள் தலையாட்டினாள். எதிர்பார்த்ததுதான் என்பதுபோல. எழுந்துவிடப் போகிறாள் என்று எனக்குப் பதறியது.

பாஸ் போய் அந்த நடு இடத்தில் துணிச்சுருளை வைத்தார். "இது கடைச் சரக்குல சேராதும்மா. உங்களோடது. பட்டறை இழுப்பறையில இருந்தது. நீங்க போனதுலேர்ந்து வருஷத்துக்கு ஒண்ணு பண்ணியிருக்காரு. மிச்சமெல்லாம் அங்கயே இருக்கு. இது கடைசியாப் பண்ணினது."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் அது தெரியாது.

பெரியவள் துணியைப் பிரித்தாள். புதுக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவிலிருந்த கோட்டை நகத்தால் தடவினாள். அவள் அவர் மகள், அந்தக் கோட்டுக்கு அர்த்தம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுப் புதியதை மாட்டினாள். முதலில் தன் கையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில், மிகப் பக்கத்தில் இருந்த தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"எனக்கென்ன அவ்வளவு வயசா ஆயிடுச்சு? பாருடி இதை! நம்மப்பா பவரைக் கூட்டி வெச்சிட்டாரு, தலையே சுத்துது" என்று கழற்றப் போனாள்.

நடுவிலிருந்த இடம் எப்போது காணாமல் போனது என்று நான் பார்க்கவில்லை. சின்னவள் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டாதேக்கா. ரெண்டு நாள் போடு. பழகிடும்."